முயலுக்குச் சீப்பு எடுக்கும் முன்

வேறொரு வீட்டில் வளர்ந்த முயலைத் தத்தெடுத்திருக்கிறீர்கள். நல்ல காரியம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து ஆண்டுகள் உங்களோடு இருக்கும். ஆனால் அது வாய் திறந்து கத்துவது அபூர்வம். வலித்தால் மூலையில் ஒடுங்கி உட்காருமே தவிர, உங்களிடம் வந்து காட்டாது. அதனால் முடி சீவும்போதும் நகம் வெட்டும்போதும் உங்கள் கையில் தட்டுப்படுவதுதான் பல நோய்களுக்கு முதல் செய்தி. பல வருடமாக முயலோடு இருப்பவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. வந்த முதல் வாரம் சீப்பும் நகவெட்டியும் அலமாரியிலேயே இருக்கட்டும். தரையில் உட்காருங்கள், அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். நகம் சுருண்டு பாதத்தில் குத்தியிருந்தாலோ, முடி சிக்காகித் தோலை இழுத்துக்கொண்டிருந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள்.

2. காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. சந்தையில் அப்படித்தான் தூக்குகிறார்கள், சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். இரண்டும் தவறு. காது முழுக்க ரத்தக்குழாய்கள். உடம்பின் சூட்டை வெளியேற்றுவதே அதன் வழியாகத்தான். ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைப் பின்பாகத்துக்கு அடியிலும் கொடுத்து, உங்கள் மார்போடு அணைத்துத் தூக்குங்கள். முயலின் எலும்புகள் மிக லேசானவை, பின்னங்கால் தசையோ மிக வலியது. பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும். சுகமாகக் கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். பகையின் பிடியில் சிக்கிய பயத்தில் உறைந்து போயிருக்கிறது.

3. குளிப்பாட்டாதீர்கள். முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அடர்ந்த முடி நனைந்தால் எளிதில் காயாது. உடம்பு குளிர்ந்து, பயமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பின்பக்கம் அழுக்காகியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் துடைத்து, உடனே துவட்டிவிடுங்கள்.

4. வாரம் ஒருமுறை சீவினால் போதும். முடி உதிரும் பருவத்தில் தினமும் சீவ வேண்டும். சில முயல்களுக்கு அப்போது கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். நாய்க்கு விற்கும் கூரான கம்பிச் சீப்பு வேண்டாம். முயல் தோல் மெல்லியது, கிழிந்துவிடும். ரப்பர் பிரஷ் நல்லது. அதுவும் இல்லையென்றால் கையை லேசாக ஈரமாக்கி, முடி சாய்ந்திருக்கும் திசையில் தடவிக்கொடுங்கள். உதிர்ந்த முடி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பூனை தான் விழுங்கிய முடியைக் கக்கிவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன முடி குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதைத் தள்ளிக்கொண்டு போவது நார்ச்சத்து. ஆகவே அருகம்புல்லும் உலர்ந்த புல்லும்தான் முக்கிய உணவு. கடையில் விற்கும் தீவன உருண்டை கொஞ்சமாக இருக்கட்டும். புழுக்கைகள் முடியால் கோக்கப்பட்ட மணிபோலத் தொடர்ந்து வந்தால் சீவுவதையும் புல்லையும் கூட்டுங்கள். முயல் அரை நாளாகச் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

5. நீண்ட முடியுள்ள அங்கோரா வகை உங்களிடம் வந்திருந்தால் பொறுப்பு இரட்டிப்பு. மலைக்குளிர் உள்ள இடங்களில் வளர்க்கும் இனம் அது. சமவெளியில் 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குச் சிரமம். அந்தக் கம்பளியோடு சென்னையிலோ மதுரையிலோ சித்திரை வெயிலைத் தாங்காது. முடியை ஓர் அங்குல அளவுக்குக் குறைத்தே வைத்திருங்கள். சிக்கு விழுந்த இடத்தில் கத்தரிக்கோலை நுழைக்காதீர்கள். சிக்கோடு தோலும் கூடாரம்போல மேலே எழும்பி நிற்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள், அல்லது மருத்துவமனையில் மெஷின் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

6. இனி நகம். மண்ணில் வளை தோண்டும் முயலுக்கு நகம் தானே தேயும். டைல்ஸ் தரையில் வாழும் முயலுக்குத் தேயாது. அதனால் மாதத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். பாதத்து முடியைத் தாண்டி நகம் நன்றாக வெளியே தெரிந்தால் நேரமாகிவிட்டது என்று பொருள்.

முன்னங்காலில் ஐந்து, பின்னங்காலில் நான்கு, மொத்தம் பதினெட்டு நகம். முன்னங்காலின் ஐந்தாவது நகம் உட்பக்கம், சற்று மேலே, முடிக்குள் மறைந்திருக்கும். தரையில் படாததால் அது தேயவே தேயாது. புதிதாக வெட்டுகிறவர்கள் அதைத்தான் விட்டுவிடுவார்கள். விரலால் முடியை விலக்கித் தேடுங்கள்.

ஒருவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து வெட்டுவதே பத்திரம். ஒயிட் ஜெயண்ட், நியூசிலாந்து வெள்ளை போன்ற வெள்ளை முயல்களின் நகத்தில் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். சோவியத் சின்சில்லாபோலச் சாம்பல் நிற முயலுக்கு நகம் கருத்திருக்கும். அதற்கு நகத்தின் அடிப்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். ஒளி ஊடுருவும் நுனி முடிந்து, நிழலாக ஓர் இழை தொடங்கும் இடம் தெரியும். அந்த இழைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வெட்டுங்கள். தெரியவே இல்லையென்றால் நுனியை மட்டும் சீவிவிட்டு நிறுத்துங்கள்.

தத்து வந்த முயல்களில் பலவற்றுக்கு மாதக்கணக்கில் யாரும் நகம் வெட்டியிருக்க மாட்டார்கள். நகம் நீண்டால் உள்ளே ரத்தக்குழாயும் நீண்டிருக்கும். ஒரே நாளில் அளவாக்கப் பார்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வந்தால் ரத்தக்குழாய் மெல்லப் பின்வாங்கும். ஒரே மூச்சில் பதினெட்டையும் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால். முயல் திமிறினால் விட்டுவிடுங்கள். பிடிவாதம் பிடித்தால் அடுத்த முறை உங்களைக் கண்டாலே ஓடும்.

7. ரத்தம் வந்தால் பதறாதீர்கள். சோள மாவை நுனியில் வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். வெட்டத் தொடங்கும் முன்பே மாவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

8. கம்பிவலைத் தரை உள்ள கூண்டு கூடாது. நாய், பூனைபோல முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, முடி மட்டும்தான். கம்பியும் ஈரமும் நீண்ட நகமும் சேர்ந்தால் குதிகால் வழுக்கையாகி, சிவந்து, புண்ணாகும். அந்தப் புண் ஆறுவது மிகக் கடினம். கோணி, பாய், கெட்டியான விரிப்பு எதுவானாலும் சரி, காய்ந்ததாக இருக்கட்டும்.

9. நகம் வெட்டும் நாளில் மற்றதையும் பாருங்கள். காதுக்குள் பழுப்பாகப் பொருக்கு இருந்தால் சிற்றுண்ணி. பிய்க்காதீர்கள், கடுமையாக வலிக்கும். முன்னங்கால் உட்புற முடி ஒட்டிப்போயிருந்தால் மூக்கு ஒழுகி அதில் துடைத்திருக்கிறது. முகவாய் ஈரமாக இருந்தால் பல்லில் கோளாறு. மழைக்காலத்தில் பின்பக்கத்தைத் தினமும் பாருங்கள். அழுக்கு ஒட்டிய முடியில் ஈ முட்டையிட்டு, ஒரே நாளுக்குள் புழு வைத்துவிடும். அப்படிக் கண்டால் ராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

10. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை முயலுக்குப் போடாதீர்கள். ஃபிப்ரோனில் கலந்த சொட்டு மருந்து முயலைக் கொன்றுவிடும். மூக்கிலும் கால் விரல்களிலும் வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் சொறி. அது உங்கள் கைக்கும் தொற்றும். ஊசியா சொட்டு மருந்தா, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

11. மருத்துவரைத் தேவை வரும் முன்பே தேடி வையுங்கள். நாய், பூனை பார்க்கிற எல்லாரும் முயல் பார்ப்பதில்லை; போன் செய்து கேளுங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. போகும்போது பெட்டியில் கை நிறையப் புல் வையுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றோடு கொண்டு வாருங்கள் என்று யாராவது பழக்கத்தில் சொன்னால், முயலுக்கும் அப்படித்தானா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். வாந்தி வராத பிராணி அது. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும்.