எந்தச் செலவுக்கு எந்தக் கவர்?

எங்கள் சமையலறையில், கரண்டி போடும் இழுப்பறைக்குக் கீழே இன்னோர் இழுப்பறையில் ஐந்து கவர்கள் இருக்கின்றன. எல்லாமே கல்யாணப் பத்திரிகை வந்த கவர்கள். மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை. மேலே ஸ்கெட்ச் பேனாவால் ‘காய்’, ‘கறி’, ‘வெளியே’, ‘மொய்’, ‘கைச்செலவு’ என்று மகள் எழுதி வைத்திருக்கிறாள். சம்பளம் வந்த மறுநாள் வங்கிக் கவுண்டரில் நூறு ரூபாய்க் கட்டு ஒன்றும் மேற்கொண்டு ஓர் ஆயிரமும் வாங்கி வந்து இவற்றில் பிரித்து வைப்பேன். காய்கறி, பழத்துக்கு 4,000. கறி, மீனுக்கு 2,000. வெளியே தின்பதற்கு 1,500. மொய்க்கு 1,500. எனக்கும் அவருக்கும் கைச்செலவு ஆளுக்கு 1,000. ஆக 11,000. மற்றதெல்லாம் வங்கிக் கணக்கோடு போய்விடும்.

தொடங்கியபோது பதினான்கு கவர் போட்டேன். வாடகை, பள்ளி வேன், கேபிள், சிலிண்டர், பால் என்று எதையும் விடவில்லை. இரண்டே மாதத்தில் கை ஓய்ந்துவிட்டது. வாடகையைக் கவரில் வைத்துக் கொடுத்தாலும் அதே வாடகைதான், கணக்கிலிருந்து அனுப்பினாலும் அதே வாடகைதான். ஒரு ரூபாய்கூடக் குறையாது. எண்ணிக் கொடுப்பதால் குறையக்கூடிய செலவுகள் ஒரு வீட்டில் நாலைந்துதான் இருக்கும். கவர் முறை ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டவர்களில் பலர், குறையாத செலவுக்கெல்லாம் கவர் போட்டுக் களைத்தவர்கள் என்றே நினைக்கிறேன். ஆகவே கவரா, யூபிஐயா, கணக்கு நோட்டா என்று வீட்டுக்கு மொத்தமாக ஒரு முடிவு எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு செலவையும் தனியே எடுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய காரியம் இது.

நோட்டு எதற்கு உதவும்?

எந்தச் செலவு கைமீறுகிறது என்று தெரிய, ஒரு மாதமாவது எழுதிப் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-இல் குடும்பச் செலவு எழுதுவதற்கென்றே ஒரு கணக்குப் புத்தகம் கொண்டுவந்தார். ‘ககேபோ’ என்ற பெயரில் இன்றும் அங்கே வீடுகளில் எழுதுகிறார்கள். நம் ஊரில் மளிகைக் கடைப் பற்று நோட்டே பல வீடுகளுக்கு அந்த வேலையைச் செய்தது. எங்கள் நோட்டில் ஒரு மாதம் டீ, வடை, பஜ்ஜி, பானிபூரி என்று பத்தும் இருபதுமாக எழுதியதைக் கூட்டினால் 2,340 ரூபாய் வந்தது. அவர் நம்பாமல் மறுபடி ஒரு முறை கூட்டிப் பார்த்தார்.

ஆனால் செலவான பிறகுதான் நோட்டு பேசும். கடை வாசலில் நிற்கும்போது கையைப் பிடிக்காது. செலவைத் தானாகவே பிரித்துக் காட்டும் செல்பேசிச் செயலிகளுக்கும் இதே குறைதான். வீட்டில் இருவருமே சிக்கனக்காரர்கள், பணம் எங்கே போகிறது என்பது மட்டும்தான் தெரியவில்லை என்றால் நோட்டே போதும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை என்றால் போதாது.

ரொக்கம் கையைப் பிடிக்கும் இடம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ஒரு சாரார் ரொக்கமாகக் கட்ட வேண்டும், இன்னொரு சாரார் கிரெடிட் கார்டில் கட்டலாம். கார்டுக்காரர்கள் கேட்ட விலை வெகுவாகக் கூடியிருந்தது. யூபிஐ கடன் அல்ல, நம் காசுதான். ஆனாலும் காசு குறைவது கண்ணில் படாமல் போவது இரண்டுக்கும் பொது.

போன அக்டோபர் 19-ஆம் தேதி இது எனக்கு நன்றாகப் புரிந்தது. வாசலில் தள்ளுவண்டி அக்கா நின்றார். மழைக்காலம், தக்காளி விலை ஏறியிருந்தது. “பீன்ஸ் இளசா இருக்கும்மா, கேரட்டும் போட்டுக்கிறியா?” என்றார். முன்பென்றால் வண்டியில் தொங்கும் க்யூஆர் அட்டையைப் படம் பிடித்து முந்நூறு ரூபாயை அனுப்பிவிட்டு உள்ளே வந்திருப்பேன். அன்று காய் கவரை எடுத்துப் பார்த்தேன். 640 ரூபாய் இருந்தது. மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். கொத்தமல்லியும் கால் கிலோ தக்காளியும் மட்டும் வாங்கினேன். மறுநாள் விடிகாலையில் பையை எடுத்துக்கொண்டு மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போனேன். 1999-இல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கிய உழவர் சந்தை அதுதான். வீட்டுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் போகாமலே இருந்திருக்கிறேன். கத்திரி, பூசணி, முருங்கைக்காய், இரண்டு கட்டு கீரை என்று ஒரு வாரத்துக்கு வாங்கியும் 280 ரூபாய்தான் ஆனது. கவரில் காசு குறைந்தது தெரியாமல் இருந்திருந்தால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன்.

ஆக, விலை பேச இடமிருக்கும் செலவு, அளவைக் குறைக்க வழியிருக்கும் செலவு, வாரத்தில் பல முறை சிறுகச் சிறுகப் போகும் செலவு, இவை மூன்றுக்கும் ரொக்கக் கவர் பொருந்தும். காய்கறிப் பணத்தை மட்டும் நான் வாரம் ஆயிரம் என்று கவருக்குள்ளேயே கிளிப் போட்டுப் பிரித்து வைக்கிறேன். மாதப் பணம் மொத்தமாகக் கண்ணில் பட்டால் முதல் வாரத்தில் கை தாராளமாகிவிடுகிறது.

ரொக்கத்துக்கு உள்ள குறைகளையும் சொல்ல வேண்டும். சில்லறை பெரிய தலைவலி. ஐந்நூறு ரூபாய் நோட்டாக வைத்தால் கவர்களுக்குள் காசு கலந்துவிடும். அதனால்தான் வங்கியில் நூறாகக் கேட்டு வாங்குகிறேன். ஏடிஎம்மில் அவ்வப்போது எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறைதான் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம் என்பது 2025 மே மாதம் முதல் உள்ள விதி. வீட்டில் ஒரு மாதச் செலவுக்கு மேல் ரொக்கம் வைப்பதும் வேண்டாம். திருட்டுப் பயம் ஒரு பக்கம், வட்டியில்லாமல் சும்மா கிடப்பது இன்னொரு பக்கம்.

இரண்டாவது வங்கிக் கணக்கு

இருவரும் வேலைக்குப் போகிறார்கள், ஒருவர் கோவையிலும் ஒருவர் சென்னையிலும் இருக்கிறார்கள், மளிகையே செயலியில்தான் வருகிறது என்றால் இழுப்பறைக் கவர் உதவாது. இவர்களுக்கு இரண்டாவது சேமிப்புக் கணக்கு நல்ல வழி. சம்பளம் ஒரு கணக்கில் வரட்டும். வாடகை, தவணை, கட்டணம் எல்லாம் அதிலிருந்தே போகட்டும். மாதச் செலவுக்கென்று ஒதுக்கியதை மட்டும் இரண்டாவது கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்காகப் பார்த்துத் தொடங்குவது முக்கியம். ஸ்டேட் வங்கி 2020-இல் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. செல்பேசியின் யூபிஐ செயலியில் சம்பளக் கணக்கும் சேர்ந்தே இருக்கும். செலவுக் கணக்கு காலியானதும் விரலை நகர்த்திச் சம்பளக் கணக்கைத் தேர்ந்தெடுத்துவிடலாம். அப்படியானால் கவருக்கு அடியே இல்லை என்று அர்த்தம். அன்றாடம் பயன்படுத்தும் செயலியிலிருந்து சம்பளக் கணக்கை எடுத்துவிடுங்கள். அதிலிருந்து பணம் வேண்டுமென்றால் வங்கியின் தளத்துக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும் என்ற அந்தச் சின்னச் சிரமம் நமக்குத் தேவை.

யூபிஐ லைட் இன்னொரு வகைக் கவர். அதில் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் வைக்க முடியும். ஒரு முறைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமலே அனுப்பலாம். டீக்கடை, ஆட்டோ, பெட்டிக்கடைச் செலவுக்கு மாதம் 1,500 போட்டு, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று இருந்தால் நன்றாகவே வேலை செய்கிறது. பணம் குறைந்தால் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை மட்டும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கோ, தனியாக இருக்கும் வயதான அம்மாவுக்கோ மாத வரம்பு வைத்துக் கொடுக்க வேண்டுமென்றால் 2024-இல் வந்த யூபிஐ சர்க்கிள் இருக்கிறது. அதில் ஒருவருக்கு மாதம் 15,000 வரை வரம்பு வைக்கலாம்.

கிரெடிட் கார்டை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. செலவு கட்டுக்குள் வந்த வீட்டுக்குத்தான் அது ஏற்றது.

மொய்யும் மின்கட்டணமும்

மாதா மாதம் வராத செலவுதான் பெரும்பாலான பட்ஜெட்டைக் கவிழ்க்கிறது. மதுரைப் பக்கம் மொய் பெரிய கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. ஆவணியும் தையும் பிறந்தால் ஒரே முகூர்த்த நாளில் மூன்று பத்திரிகை வரும். அதனால் மொய்க் கவரை மட்டும் மாதக் கடைசியில் காலி செய்யக் கூடாது. ஆடிப் பணம் ஆவணிக்கும் மார்கழிப் பணம் தைக்கும் நிற்க வேண்டும். எவ்வளவு வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ள நம்மிடமே வழி இருக்கிறது. வீட்டு விசேஷத்தில் எழுதிய மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டில் இந்த ஆண்டு கல்யாணம், காதுகுத்து வருகிறது என்று பாருங்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டிய தொகை அதிலேயே இருக்கும்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. சிலிண்டர் நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை. பள்ளிக் கட்டணம் ஜூனில் வந்து இடிக்கும். இவற்றுக்கு ரொக்கக் கவர் தேவையில்லை. மின்கட்டணத்தில் பாதியை மாதந்தோறும் இரண்டாவது கணக்கில் ஒதுக்கலாம். பள்ளிக் கட்டணத்துக்கு அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பு போடலாம்.

வாரக் கூலி வாங்கும் வீடுகளுக்குக் கணக்கு வேறு. சனிக்கிழமை பணம் கைக்கு வந்ததும் முதலில் வாடகையில் கால் பங்கைத் தனியே வைக்க வேண்டும். அங்கே வாடகைக்கும் கவர் போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாம் தேதி கைமாற்று வாங்கும்படி ஆகும். ஆண்டுக்கு 52 வாரம். மாதம் நான்கு வாரக் கூலியில் குடும்பம் நடந்தால் அதில் 48 போகும். ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் மிஞ்சும் அந்த நான்கு வாரக் கூலியைப் பள்ளிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிவிடலாம்.

யார் கையில் இருக்கிறது?

ஏடிஎம் கார்டு கணவர் சட்டைப் பையில், மனைவிக்கு அன்றன்றைக்கு இருநூறு என்ற வீட்டில் கவர் முறை நடக்காது. கவர் இருவர் கைக்கும் எட்ட வேண்டும், மாதத் தொகை ஒரே தடவையில் வர வேண்டும். கைச்செலவுக் கவரில் ஆளுக்கென்று ஒதுக்கியதை யாரும் கணக்குக் கேட்கக் கூடாது, அது நிறுத்த முடியாத டீயானாலும் சரி, புடவைச் சீட்டானாலும் சரி. 2023 செப்டம்பர் 15 முதல் பெண்களின் கணக்கில் அரசு போட்டுவரும் 1,000 ரூபாய் உரிமைத் தொகையை வீட்டுக் கவரில் கொட்டிவிட வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்வேன். நம் அம்மாக்கள் கடுகு டப்பாவில் சேர்த்த சிறுவாட்டைப் போல அதுவும் தனியே இருக்கட்டும்.

ஒரு கவரில் தீர்ந்து இன்னொன்றில் எடுக்கும் நாள் எல்லா வீட்டிலும் வரும். எங்கள் வீட்டில் எடுப்பவர் ஒரு துண்டுச் சீட்டில் தொகையையும் காரணத்தையும் எழுதி, எடுத்த கவருக்குள் போட வேண்டும். மாதக் கடைசியில் சீட்டுகளை எடுத்துப் படிப்போம். ஒரே கவர் மூன்று மாதம் தொடர்ந்து இருபதாம் தேதிக்குள் தீர்ந்தால், யாரும் ஊதாரி இல்லை, தொகைதான் குறைவாக இருக்கிறது. காய் கவரில் முதலில் 3,200 தான் போட்டேன். மூன்று மாதச் சீட்டுகளையும் அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு, ‘வெளியே’ கவரிலிருந்து 800-ஐ அதற்கு மாற்றினோம்.