படகில் தூண்டிற்கழிக்கு ஒரு தாங்கி

நெய்தல் நில மக்களின் கருவிகளுள் தூண்டில் மிகப் பழமையானது. கண்ணாடி இழைப் படகும் இயந்திரமும் வந்துவிட்ட பின்னரும், எங்கள் ஊர்ப் படகுகள் பலவற்றில் தூண்டிற்கழிகள் போட்டது போட்டபடியே கிடக்கின்றன. வலையோடும் கயிற்றோடும் பின்னிக் கொள்கின்றன. இருட்டில் மிதித்தால் கழி முறியும். முள் காலில் ஏறும். கழி முறிந்தால் அன்றைய தூண்டில் தொழில் கெட்டது. இதனைத் தவிர்க்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. வளைவு பற்றிய ஒரு விதியே போதும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்திமுனைகள் மீது சட்டத்தை வைத்து யங் குணகம் காணும் சோதனையை இயற்பியல் மாணவர் அனைவரும் அறிவர். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட சட்டம் தன் எடையாலேயே நடுவில் தொய்கிறது. இத்தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நீளம் இருமடங்கானால் தொய்வு 16 மடங்காகும்! ஆனால் தாங்கிகளை ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.22 பங்கு உள்ளே நகர்த்தினால், தொய்வு ஏறத்தாழ 48-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

3 மீட்டர் கழிக்கு இக்கணக்கைப் பொருத்துவோம். முனைகளிலிருந்து 66 செ.மீ. தள்ளித் தாங்கிகள் அமைய வேண்டும். இடைவெளி 168 செ.மீ. மூங்கில் அடி பருத்து நுனி சிறுத்தது; ஆகையால் இது தோராயமே. கழியை வைத்துப் பார்த்துச் சற்று நகர்த்திக் கொள்ளலாம்.

இவ்வளவு கணக்கு எதற்கு எனலாம். ஈர மூங்கில் வெயிலில் பல நாள் தொய்ந்தபடியே கிடந்தால் அவ்வளைவு நிலைத்துவிடும். அலையில் படகு எழுந்து விழும்போது தொய்வு மேலும் பெருகும்.

செய்முறை எளிது. நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் ஓர் அடித் துண்டை நீளவாக்கில் அறுத்தால் இரு தொட்டில்கள் கிடைக்கும். அடியில் துளையிட்டால் நீர் தங்காது. பழைய சைக்கிள் டியூப்பை உள்ளே ஒட்டினால் கழி தேயாது. அதன் நாடாவே கழியைக் கட்டவும் உதவும். தொட்டில்களை ஒரு மரச்சட்டத்தில் திருகி, சட்டத்தைப் படகின் உட்புறம் குறுக்குப் பலகைகளோடு பிணைக்க வேண்டும். படகின் உடலில் துளையிடலாகாது. அவ்வழியே நீர் புகுந்து உள்ளிருக்கும் மரம் அழுகும். உப்புநீரில் இரும்பு விரைந்து துருவேறும். எனவே துருப்பிடிக்கா எஃகுத் திருகாணியே ஏற்றது. வெயிலில் பி.வி.சி. நொறுங்காதிருக்க வண்ணம் பூச வேண்டும். முட்களைக் கழற்றி மூடியுள்ள டப்பாவில் இடுவது நன்று.

எங்கள் வீட்டுப் படகுக்கு இவ்வாறே அமைத்தோம். குழாயும் சட்டமும் வீடு கட்டியோர் மிச்சம் வைத்தவை; திருகாணிக்கும் வண்ணத்துக்குமே செலவு.

நீண்ட கழியை இருவர் சுமக்கையில் முனைகளைப் பற்றாமல், சற்று உள்ளே தள்ளித் தோள்கொடுப்பதைக் கரையில் காணலாம். அனுபவம் கண்ட அவ்வழக்கத்துக்கு அறிவியல் காரணம் கூறுகிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பது மதிப்பெண்ணோடு முடிவதன்று. உழைப்போர் கைக்கும் அது பயன்படல் வேண்டும்.