பூனை தும்மினால் பாராசிட்டமால் பக்கம் போகாதே

தங்கச்சி, நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் உன் குரலைவிட வெள்ளச்சியின் தும்மல்தான் அதிகம் கேட்டது. "பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமாம், பூனையைக் கொண்டுபோய் மீன் மார்க்கெட்டில் விட்டுவிடச் சொல்கிறார் அத்தை" என்று வேறு புலம்பியிருந்தாய். அத்தைக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் பூனையைக் கவனி.

ஒரு நாளைக்கு ஓரிரு தும்மல் எந்தப் பூனைக்கும் உண்டு. தும்மலோடு வேறென்ன வருகிறது என்று பார். மூக்கு தண்ணீராக ஒழுகுகிறது, ஆனால் சாப்பாட்டுக்குக் காலைச் சுற்றி வருகிறது என்றால் இரண்டு நாள் பொறுக்கலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப்பட்டால், கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டால், ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் டாக்டரிடம் போ. குட்டியாக இருந்தால் அந்த ஒருநாளும் காத்திருக்காதே. தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பார். 30-க்குள் இருந்தால் நிம்மதி. 40-ஐத் தாண்டினாலோ, வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே கிளம்பு.

ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ வந்தால் அது வேறு கணக்கு. பூனை புல் தின்று கக்கும் இல்லையா, அப்போது ஒரு புல்லிதழ் அண்ணத்துக்குப் பின்னால் ஏறி மாட்டிக்கொள்வது உண்டு. திடீரென்று விடாத தும்மல், முகத்தைக் காலால் தேய்த்தல் என்று ஆரம்பிக்கும். வயசான பூனையாக இருந்தால் வாயையும் திறந்து காட்ட வேண்டும். மேல் கோரைப்பல்லின் வேர் மூக்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பல்வேரில் சீழ் பிடித்தாலும் அது தும்மலாக வெளிப்படும்.

இனி, அடிக்கடி வரும் தும்மல். பெரும்பாலும் இதற்குக் காரணம் இரண்டு வைரஸ்கள்: பூனை ஹெர்பிஸ், கலிசி. ஹெர்பிஸ் ஒருமுறை புகுந்தால் பெரும்பாலான பூனைகளில் ஆயுளுக்கும் நரம்பில் பதுங்கியே கிடக்கும். பூனைக்கு மனசு கலங்கினால் வெளியே வரும், அதுவும் ஒரு வாரம் கழித்து. மெயின்லேண்டிலிருந்து அந்தமானுக்குச் சொந்தக்காரர்கள் வந்து தங்கிவிட்டுக் கப்பலேறிய பிறகு பூனை தும்ம ஆரம்பிப்பது இதனால்தான். விருந்தாளியின் திருஷ்டி என்பார் அத்தை. நாள் கணக்கைப் பார்த்தால் ஹெர்பிஸ்தான் பொருந்துகிறது. வீட்டில் பெயிண்ட் அடித்தாலும், புதுக் குட்டி வந்தாலும், நீ ஊருக்குப் போய் வந்தாலும் இதே கதைதான். விருந்து வரும் நாட்களில் ஒரு அறையின் மூலையில் அட்டைப்பெட்டி, தண்ணீர், மண் ட்ரே வைத்து பூனையை அங்கேயே விட்டுவிடு. பிள்ளைகளைத் தூக்க விடாதே. கலிசி வந்தால் நாக்கில் புண் இருக்கும், எச்சில் வடியும். அந்த வைரஸ் பாத்திரத்திலும் துணியிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இன்னொரு பூனை இருந்தால் இரண்டுக்கும் தட்டு தனித்தனியாக வை.

வைரஸ் உள்ளே பதுங்கியிருக்க, வெளியே மூக்கை அரிப்பது நம் வீட்டுப் புகையும் தூசியும். மே மாதம் மழை பிடித்தால் டிசம்பர் வரை நம் ஊரில் ஈரம் காய்வதில்லை. கூடத்தில் கயிறு கட்டித் துணி உலர்த்துகிறோம், பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பூக்கிறது. ஜன்னலைச் சாத்திக் கொசுவத்தி ஏற்றுகிறோம். ஒரு கொசுவத்தியிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நீயும் பிள்ளையும் ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் போய்விடுகிறீர்கள், பூனைதான் நாள் முழுக்க அந்தக் காற்றில் கிடக்கிறது. மலேரியாவும் டெங்குவும் உள்ள தீவில் கொசுவை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். வலை கட்டு. சாம்பிராணியை வெள்ளிக்கிழமை போடு, பூனையை வெளியே விட்டுவிட்டுப் போடு.

மண் ட்ரேயில் என்ன போடுகிறாய் என்று கேட்க மறந்துவிட்டேன். தச்சுப் பட்டறையிலிருந்து சும்மா கிடைக்கிறதே என்று மரத்தூள் அள்ளி வருபவர்கள் நம் பக்கம் உண்டு. அது படாக் தூளாக இருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம். படாக்கை அறுக்கும் தச்சருக்கே மூக்கு அரித்துத் தும்மல் வரும். பூனையோ அந்தச் சிவப்புத் தூளைக் காலால் கிளறி, மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காரும். தூசி பறக்காத கரட்டு மணல் போதும். தரையை பினாயில் போட்டுத் துடைக்காதே. பினாயில் பூனைக்கு விஷம், மிதித்துவிட்டுக் காலை நக்கும்.

இப்போது மருந்துப் பெட்டி. பாராசிட்டமால் கூடவே கூடாது, பிள்ளைக்கு வாங்கிய சிரப்பும்தான். அதை முறிக்கும் வசதி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும், ரத்தம் பழுப்பாகி மூச்சுத் திணறிப் போய்விடும். விக்ஸ், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் எதையும் மூக்கிலும் நெஞ்சிலும் தடவாதே. ஆவி பிடிக்க வேண்டுமானால் பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, பூனையோடு பத்து நிமிடம் உட்கார். அவ்வளவுதான் ஆவி. பிள்ளைக்குக் கண்வலி வந்தபோது மிஞ்சிய சொட்டு மருந்தையும் விடாதே. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் ஹெர்பிஸ் உள்ள கண்ணில் புண் பெரிதாகும். லைசின் பொடி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அதனால் பலனில்லை என்று 2015-லேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், காசை மிச்சம் பிடி.

மூக்கடைத்த பூனை பசியில்லாமல் பட்டினி கிடப்பதில்லை, வாசனை தெரியாமல் கிடக்கிறது. சூரையோ மத்தியோ உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்து, வெதுவெதுப்பாக வை. சூட்டில் வாசனை எழும்பும். அதற்கு முன் வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்கை ஊறவைத்துத் துடை. காய்ந்த சளியைப் பிய்த்தால் தோல் கூடவே வரும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி, தும்மலைவிடப் பெரிய வியாதியாகிவிடும்.

அத்தைக்கு வருவோம். பூனையின் ஹெர்பிஸும் கலிசியும் மனிதருக்கு ஒட்டாது. பிள்ளைக்கு வரும் சளி ஸ்கூலிலிருந்து வருகிறது. ஆனால் பூனையைக் கொஞ்சிய அரை மணியில் பிள்ளை தும்மி, கண் சிவந்து, இரவில் வீசிங் வந்தால் அது அலர்ஜி. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதத்தால் வருவது. அதை டாக்டரிடம் காட்டு, பூனையைப் படுக்கைக்கு வெளியே வை. அத்தை கவலைப்பட வேண்டியது வேறு இடங்களில். யாராவது கர்ப்பமாக இருந்தால் மண் ட்ரேயை அவர் தொடக் கூடாது. மற்றவர்கள் தினமும் அள்ளிக் கொட்ட வேண்டும், ஏனென்றால் டாக்ஸோபிளாஸ்மா முட்டை மலத்தில் ஒருநாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். பூனை பிடித்து வந்து போடும் எலியை வெறுங்கையால் எடுக்காதே. 1980-களின் கடைசியில் டிக்லிபூர் பக்கம் பரவி, அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பேர் வாங்கியது எலிக்காய்ச்சல்தான் என்று பின்னால் கண்டுபிடித்தார்களே, அந்தத் தீவுகள்தானே நம்முடையவை. நம் தீவுகளில் வெறிநோய் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரைப் பார்.

வெள்ளச்சிக்குத் தடுப்பூசி போட்டாயா? மூன்று நோய்க்குச் சேர்த்து ஒரே ஊசி. குட்டிக்கு எட்டு ஒன்பது வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி. தும்மலை அடியோடு நிறுத்தாது, வந்தாலும் லேசாக வந்து போகும். தும்மல் நின்ற பிறகு ஜங்லிகாட் மாட்டாஸ்பத்திரியில் கேள். ஹட்பே, கச்சால் என்று தள்ளியிருக்கும் தீவுப் பக்கம் உள்ள உன் தோழிகளுக்கும் சொல்லிவை, கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுபோகும் வாரம் வரை தள்ளிப் போடக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தும்முவதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போ. டாக்டர் மேஜையில் ஏறியதும் எந்தப் பூனையும் தும்மாது. டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால், மாத்திரை போட்ட கையோடு ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாக மெல்ல விடு. வறட்டு மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும்.