செயலாளர் ஒருவரே சங்கமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் பல வருடங்களாக ஒரே செயலாளர். அவர் விலகினால் சங்கமே படுத்துவிடும். புதியவர்களை எப்படிக் கொண்டுவருவது?
– வாசகர், சிட்லபாக்கம்

பதில்: பதவிக்குக் கூப்பிட்டால் எல்லோரும் நழுவுவார்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள், வருவார்கள். உங்கள் ஊரே சாட்சி. 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, ‘சிட்லபாக்கம் ரைசிங்’ தன்னார்வலர்களோடு மக்களும் ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதே ஆண்டு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாயை அரசு அறிவித்தது.

அப்படி வருபவர்களிடம் எடுபிடி வேலை தராதீர்கள். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, கணக்கு என ஒரு பொறுப்பை முழுதாக ஒப்படையுங்கள். மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போகும்போது செயலாளர் ஓர் இளைஞரையும் அழைத்துப் போகட்டும். அடுத்த முறை அந்த இளைஞரே பேசட்டும். மனு நகல்கள், அதிகாரிகளின் தொலைபேசி எண்கள் எல்லாம் சங்கத்தின் பொதுக் கோப்பில் இருக்கவேண்டும்.

பதிவுபெற்ற சங்கமென்றால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக்கூடாது. மறுபடி தேர்வாகலாம்தான். ஆனாலும் இம்முறை உங்கள் செயலாளரை ஆலோசகராக்கிப் பாருங்கள்.