ஒரு துண்டுதானே என்று நினைத்தேன்

குழந்தைகள் நாளன்று எங்கள் நடுநிலைப் பள்ளியில் கேக் வெட்டினோம். வரிசையில் வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கையை நீட்டவில்லை. "எனக்கு வேணாம் டீச்சர். அம்மா திங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். "ஒரு துண்டுதான் கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி நானே ஊட்டிவிட்டேன்.

அடுத்த இரண்டு நாள்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அம்மா வந்தார். இரவெல்லாம் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றார். கோபப்படவில்லை. "நீங்க ஆசையாத்தான் குடுத்தீங்க டீச்சர். ஆனா இவளுக்குக் கோதுமை கொஞ்சங்கூட ஆகாது. பள்ளிக்கூடம் தெறந்தப்பவே சொன்னேனே" என்றார். உண்மைதான், சொல்லியிருந்தார். எலுமிச்சை ஆகாது, குளிர்ச்சி ஆகாது என்பார்களே, அதைப் போல் ஒன்று என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவர் காட்டிய மருத்துவமனைச் சீட்டில் 'சீலியாக் நோய்' என்று எழுதியிருந்தது. பல ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்தும் நான் அந்தப் பெயரை அன்றுதான் முதலில் படித்தேன்.

என்ன நோய் இது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ளவர் இதை உண்டால், அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்குகிறது. எனவே இது சுயதடைகாப்பு நோய். சாதாரண ஒவ்வாமை அன்று, தொற்றுவதும் இல்லை.

சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகளைப் பற்றி வகுப்பில் சொல்லித் தருகிறோம். உணவின் சத்துகளை இரத்தத்துக்குக் கொண்டுசேர்ப்பவை அவை. இந்நோயில் அவை தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. குழந்தை வயிறாரச் சாப்பிட்டாலும் சத்து உடலில் சேராது. வயிற்று உப்புசம், நீடித்த வயிற்றுப்போக்கு, வளர்ச்சிக் குறைவு, வாய்ப்புண், சோர்வு, மாத்திரை கொடுத்தும் ஏறாத இரத்தச்சோகை என்று பல வடிவங்களில் அது வெளிப்படும். சிலருக்கு வெளியே எதுவும் தெரியாமலே உள்ளே குடல் பாதிக்கப்படும்.

இதற்கு இன்றுவரை மருந்து என்று ஒன்று இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் அறவே விலக்குவதே சிகிச்சை. அப்படி விலக்கினால் குடலுறிஞ்சிகள் மெல்ல மீண்டும் வளர்கின்றன.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

இங்கிலாந்து மருத்துவர் சாமுவேல் கீ 1888-ஆம் ஆண்டிலேயே இந்நோயைத் தெளிவாக விவரித்தார். ஆனால் காரணம் கோதுமை என்பது நெடுங்காலம் உறுதியாகவில்லை. நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேவுக்கு 1930-களிலேயே அந்த ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைக்காத அந்த நாள்களில் இந்நோய் உள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயுற்றார்கள். 1950-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் டிக்கே இதை நிறுவினார். உற்றுநோக்கல், ஐயம், சான்று, முடிவு என்னும் அறிவியல் முறைக்கு வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

நம் பக்கம் ஏன் தெரிவதில்லை?

2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி, வட இந்தியாவில் 1000 பெரியவர்களில் சுமார் 12 பேரின் இரத்தத்திலும் தென்னிந்தியாவில் சுமார் ஒருவரின் இரத்தத்திலும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. நோய்க்கு இடம் தரும் மரபணுக்கள் இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. வேறுபாடு தட்டில் இருந்தது: நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். இன்று நம் வீடுகளிலும் சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், நூடுல்ஸ் பெருகிவிட்டன. அரிதான நோய் என்பதால் நாம் கவனிக்காமல் விடும் ஆபத்தும் பெரிது.

மாவைக் கழுவிப் பார்த்தோம்

அடுத்த ஆண்டு அந்தச் சிறுமி ஆறாம் வகுப்பில் என் மாணவியானாள். உணவுப் பாடத்தின்போது, "ரவை எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டேன். பாதி வகுப்பு 'அரிசி' என்றது. சேமியாவுக்கும் மைதாவுக்கும் பலவிதமான விடைகள் வந்தன. மூன்றும் கோதுமையிலிருந்துதான் என்றபோது நம்ப மறுத்தார்கள்.

பிறகு ஒரு சோதனை செய்தோம். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரைமணி நேரம் ஊறவிட்டு, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் மெதுவாகக் கசக்கிக் கழுவ வேண்டும். ஸ்டார்ச் பால்போல் கரைந்து போகும். கடைசியில் கையில் ரப்பர்போல் இழுபடும் ஒரு பொருள் மிஞ்சும். அதில் பெரும்பகுதி குளூட்டன்தான். கேழ்வரகு மாவையும் அரிசி மாவையும் அப்படிக் கழுவினால் கையில் எதுவும் மிஞ்சாது.

மாவு காற்றில் பறந்து வாய்க்குள் போகக் கூடாது என்பதால் மைதாவை வீட்டிலேயே பிசைந்து கொண்டுபோனேன். அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொண்டு, அந்தச் சிறுமிக்கு அரிசி மாவுக் குழுவைக் கொடுத்தேன். அவளுடைய நோயைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முடிவில் அவளே எழுந்து, "எனக்கு ஆகாதது இதுதான்" என்று அந்த இழுபடும் உருண்டையைக் காட்டினாள். அதன்பின் அவளிடம் "ஏன் திங்க மாட்டேங்கிற?" என்று யாரும் கேட்கவில்லை.

ஒளிந்திருக்கும் கோதுமை

கண்ணுக்குத் தெரியும் கோதுமையை விலக்குவது எளிது. ஒளிந்திருப்பதுதான் கடினம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். மால்ட் கலந்த பானங்களில் பார்லி உண்டு. சத்துமாவில் கோதுமை இருக்கலாம். கோதுமை அரைத்த மில்லில் அடுத்து அரைக்கும் கேழ்வரகும், சப்பாத்தி சுட்ட கல்லில் வார்க்கும் தோசையும், பூரி பொரித்த எண்ணெயில் பொரிக்கும் அப்பளமும் இவர்களுக்குப் பாதுகாப்பானவை அல்ல.

'கொஞ்சம்' என்பதன் அளவையும் தெரிந்துகொள்வோம். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படலாம். ஒரு ரொட்டித் துண்டில் இருப்பது 2 கிராமுக்கும் மேல். அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கே அதிகம். நான் ஊட்டிய கேக் நினைவுக்கு வந்தது.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, பருப்பு, முட்டை, பால், காய், கனி எல்லாம் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. நம் பழைய சமையலறை இவர்களுக்கு உகந்ததுதான்.

பள்ளியில் செய்தவை, செய்யக்கூடியவை

காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை வரும் நாள்கள் பல. ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அந்நாள்களில் அவளுக்கு அம்மா இட்லி கொடுத்தனுப்பினார். தோழிகளுடன் அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மதியம் சத்துணவுச் சமையலர் அக்கா, "பெருங்காயம் போட்டுத் தாளிக்கிறதுக்கு முன்னாடியே இவளுக்குத் தனியா எடுத்து வச்சிடுறேன் டீச்சர்" என்றார். அவளுக்கென்று ஒரு கரண்டியும் ஒதுக்கினார். இன்றும் அப்படியே நடக்கிறது.

மற்றப் பள்ளிகளுக்குப் பயன்படும் என்று சில குறிப்புகள்:

1. உணவைப் பற்றிப் பெற்றோர் சொல்வதை எழுதி வையுங்கள். தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், சமையலர் மூவருக்கும் அது தெரிய வேண்டும்.
2. வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை உண்டும் வெளிறியே இருக்கும், உயரமும் எடையும் ஏறாத குழந்தையைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.
3. கோதுமையை நிறுத்திப் பாருங்கள் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். நிறுத்தியபின் எடுக்கும் இரத்தப் பரிசோதனையிலும் குடல் திசுப் பரிசோதனையிலும் நோய் தெரியாமல் போகலாம்.
4. நோய் உறுதியானால் உடன்பிறந்தோருக்கும் பரிசோதனை தேவை என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.
5. மைதாப் பசையால் சார்ட் ஒட்டியபின் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.
6. தின்பண்டம் மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதை வகுப்பு முழுமைக்கும் பொது விதியாக்குங்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் விதி வைத்தால் அது தண்டனையாகிவிடும்.

ஓராண்டில் அவள் உயரமும் எடையும் கூடின. விடுப்பு குறைந்தது. 'சோம்பேறி' என்று முன்பு நாங்கள் சொன்ன பிள்ளை இப்போது கபடி ஆடுகிறாள்.

இந்த ஆண்டு குழந்தைகள் நாளில் கேக் வாங்கவில்லை. எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தோம். அவள் வாங்குவதற்கு முன் உறையைத் திருப்பி, அதில் என்னென்ன இருக்கின்றன என்று படித்தாள். படித்து முடிக்கும் வரை நான் காத்திருந்தேன்.