வீட்டு நெட் ஸ்லோவா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி பெட்டியைப் பாருங்க

போன செமஸ்டர் லீவுல ஒரு கம்பெனியோட ரெண்டாவது ரவுண்டு இன்டர்வியூ. வீட்ல மாடி ரூம்ல உட்கார்ந்து அட்டெண்ட் பண்ணேன். 40 நிமிஷத்துல மூணு தடவை வீடியோ உறைஞ்சு போச்சு. மூணாவது தடவை திரும்ப ஜாயின் பண்ணப்போ எதிர்ல இருந்தவர் பொறுமையாத்தான் பேசினார், ஆனா கேள்வி கேட்கிற வேகம் குறைஞ்சிருச்சு. செலக்ட் ஆகலை. நெட்டால மட்டும்தான்னு சொல்ல மாட்டேன், டேட்டாபேஸ் கேள்வி ஒண்ணுல நானே சொதப்பினேன். ஆனா சொன்ன பதிலும் அவருக்கு முழுசா போய்ச் சேரலைங்கிறது வேற வலி.

அப்பா அன்னைக்கு சாயந்திரமே 50 எம்பிபிஎஸ் பிளானை 100க்கு மாத்திட்டார். மாசாமாசம் கூடுதல் பணம். மாடி ரூம்ல எந்த மாற்றமும் இல்லை. நாலு வருஷம் இன்ஜினியரிங், அதுல ஒரு செமஸ்டர் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் படிச்ச நான், ஒரு அளவும் எடுக்காம அப்பாவைச் செலவு பண்ண விட்டுட்டேன். அப்புறம் உட்கார்ந்து படிச்சு, சோதிச்சுத் தெரிஞ்சுகிட்டதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பெட்டி, நாலு வேலை

நாம எல்லாரும் "மோடம்"னு சொல்ற அந்த வெள்ளைப் பெட்டிக்குள்ள நாலு பேர் வேலை செய்யறாங்க.

முதல் ஆள், வெளியில இருந்து வர்ற சிக்னலை நம்ம வீட்டு நெட்வொர்க்குக்குப் புரியற மாதிரி மாத்துறவர். பழைய டெலிபோன் லைன் காலத்துல இவர்தான் மோடம். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் ரெண்டு வார்த்தையும் சேர்ந்த பேர் அது. ஃபைபர்ல இவர் பேர் ஓஎன்டி. கண்ணாடி இழையில வர்ற ஒளியை மின் சிக்னலா மாத்துவார். நம்ம ஊர் வீடுகளுக்கு வர்ற ஃபைபர்ல ரொம்பப் பரவலா இருக்கிறது ஜிபான். அதுல டவுன்லோடுக்கு 1490 நானோமீட்டர் ஒளி, அப்லோடுக்கு 1310. ஒரே இழையில ரெண்டும் மோதாம போறது அலைநீளம் வேற வேறயா இருக்கிறதாலதான். டவுன்லோடு பக்கம் மொத்தம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அதை ஸ்ப்ளிட்டர் வழியா 32 அல்லது 64 வீடுகள் வரைக்கும் பங்கு போட்டுக்கும்.

ரெண்டாவது ஆள் ரவுட்டர். வெளியில இருந்து கிடைக்கிற ஒரே ஐபி முகவரியை வீட்டுல இருக்கிற எல்லா போனுக்கும் டிவிக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறவர். மூணாவது ஆள் ஸ்விட்ச், அதாவது பின்னாடி இருக்கிற லேன் போர்ட்கள். நாலாவது ஆள் ஆக்ஸஸ் பாயின்ட், அதாவது வைஃபை.

நாலு பேரும் ஒரே வீட்டுல குடியிருக்கிறதுதான் பிரச்சனை. முதல் ஆள் ஃபைபர் நுழையற இடத்துலதான் இருக்க முடியும். நாலாவது ஆள் நாம உட்கார்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்கணும். எங்க வீட்டுல பெட்டி ஹால் மூலையில, டிவிக்குப் பின்னாடி, இரும்பு பீரோவுக்குப் பக்கத்துல. நான் படிக்கிறது மாடியில. நடுவுல கம்பி போட்ட கான்கிரீட் தளம்.

முதல்ல கண்டுபிடிங்க: தப்பு யார் மேல?

இதுக்குக் காசு செலவில்லை. பத்து நிமிஷம் போதும்.

சோதனை 1: லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேரா பெட்டியில சொருகி ஸ்பீட் டெஸ்ட் எடுங்க. வைஃபையை ஆஃப் பண்ணிடுங்க. எங்க வீட்டுல 94 எம்பிபிஎஸ் வந்துச்சு. மாடியில அதே லேப்டாப் வைஃபைல 11. வீட்டு வாசல் வரைக்கும் தண்ணி நல்லா வருது, உள்ளே இருக்கிற பைப்புதான் அடைச்சிருக்குன்னு அர்த்தம். இது தெரியாமத்தான் பெரிய பிளான் வாங்கினோம். வீடியோ காலுக்குச் சில எம்பிபிஎஸ் இருந்தாலே போதும், 50 பிளானே தாராளம்.

சோதனை 2: கஷ்டப்படுற ரூம்ல இருந்தே கமாண்ட் பிராம்ட் திறந்து, உங்க பெட்டியோட முகவரிக்கு பிங் அடிங்க. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கூடவே இன்னொரு விண்டோவுல 8.8.8.8க்கு. முதல் பிங் உங்க வீட்டுக்குள்ளேயே போய்ட்டு வருது. அது 2, 3 மில்லி செகண்ட்லயே நிலையா நிக்கணும். எனக்கு 3ல இருந்து 400 வரைக்கும் குதிச்சது, நடுவுல சிலது திரும்பி வரவே இல்லை. வீட்டுக்குள்ளேயே பாக்கெட் தொலைஞ்சா கஸ்டமர் கேரைத் திட்டி என்ன பிரயோஜனம்? முதல் பிங் நல்லா இருந்து ரெண்டாவது மட்டும் குதிச்சா அப்போ தப்பு வெளியில. தாராளமா கம்ப்ளெய்ன்ட் போடுங்க.

சோதனை 3: பெட்டியோட அட்மின் பேஜ்ல ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர்னு ஒண்ணு இருக்கும். மைனஸ் நம்பரா டிபிஎம்ல காட்டும். வழக்கமான ஜிபான் பெட்டிக்கு −27 கீழ் எல்லை. −20 பக்கம் இருந்தா நிம்மதி. −26, −27ன்னு காட்டினா ஃபைபர் எங்கேயோ மடிஞ்சிருக்கு, இல்லைன்னா கனெக்டர்ல அழுக்கு. 3 டிபி குறைஞ்சா பவர் பாதியாகுதுன்னு படிச்சோமே, அதேதான். இந்த நிலைமையில எவ்வளவு விலை கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் வேஸ்ட். லைனைச் சரி பண்ணத்தான் சொல்லணும்.

வைஃபை ஏன் திணறுது?

எங்க பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். இந்த பேண்ட்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணு: 1, 6, 11. தெருவுல எல்லா வீட்டுலயும் பெட்டி வந்த பிறகு, எல்லாரும் இந்த மூணு சேனல்லதான் வரிசையில நிக்கிறாங்க. ஒருத்தர் பேசும்போது மத்தவர் காத்திருக்கணும், அதுதான் வைஃபையோட விதி. 5 கிகாஹெர்ட்ஸ்ல இடம் அதிகம், வேகமும் அதிகம். ஆனா சுவர் தாண்டுறதுல அது கொஞ்சம் வீக். அதனால 5 வேணும்னா ரவுட்டர் பக்கத்துல இருக்கணும்.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க: பெட்டியை பீரோ பக்கத்துல இருந்து நகர்த்தி, தலை உயரத்துக்கு மேல வைங்க. ஒரு அனலைசர் ஆப் போட்டு, நெரிசல் குறைஞ்ச சேனலுக்கு மாத்துங்க. எங்களுக்கு 11 எம்பிபிஎஸ் 19 ஆச்சு. ஆனா பிங் குதிக்கிறது நிக்கலை. அப்புறம்தான் தனி ரவுட்டர்.

வாங்கும்போது ஏமாறாதீங்க

டெலிபோன் வயர் சொருகற சின்ன போர்ட் இருந்தா அது பழைய டிஎஸ்எல் மோடம் ரவுட்டர். ஃபைபர் வீட்டுக்கு அது வேண்டாம். செகண்ட் ஹேண்ட்ல சீப்பா கிடைக்கிறதுல நிறைய இந்த வகைதான்.

அட்டைப்பெட்டியில "ஏசி 1200"னு போட்டிருக்கும். 1200 எம்பிபிஎஸ் வரும்னு நினைக்காதீங்க. 2.4ல 300, 5ல 867, ரெண்டையும் கூட்டி 1167, அதை ரவுண்டு பண்ணி 1200. ஒரு போன் ஒரு நேரத்துல ஒரு பேண்ட்லதான் இருக்கும். அந்த 867ம் தியரி வேகம்தான், கையில கிடைக்கிறது அதைவிட நல்லாவே குறையும்.

போர்ட் எல்லாம் கிகாபிட்டான்னு பாருங்க. 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள ரவுட்டர்ல 200 பிளான் போட்டாலும் 95 தாண்டாது. ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். டபிள்யூபிஏ3 இருக்கா, கம்பெனி இன்னும் ஃபர்ம்வேர் அப்டேட் கொடுக்குதான்னு பாருங்க.

இணைக்கிறதுக்கு ரெண்டு வழி

வழி 1, ஆக்ஸஸ் பாயின்ட் மோட். பழைய பெட்டியே ரவுட்டரா இருக்கும், புதுசு வைஃபை மட்டும் கொடுக்கும். ஹால்ல இருந்து மாடிக்கு ஒரு கேட் 6 கேபிள் இழுத்து, புது ரவுட்டரோட செட்டிங்ல இந்த மோடை ஆன் பண்ணா முடிஞ்சது. கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். பழைய பெட்டியோட வைஃபையை ஆஃப் பண்ணிடலாம், இல்லைன்னா வேற சேனல்ல விடலாம்.

வழி 2, பிரிட்ஜ் மோட். பழைய பெட்டி ஒளியை மாத்துற வேலையை மட்டும் செய்யும். மத்த மூணு வேலையும் புது ரவுட்டர்தான். இதுதான் உண்மையான "தனித்தனி". நிறைய லைன்ல இதுக்கு பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் நம்பர் வேணும். கஸ்டமர் கேர்ல கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அதே பெட்டியில லேண்ட்லைன் போன் ஓடினா, பிரிட்ஜ் போட்ட பிறகும் ஓடுமான்னு முன்னாடியே கேளுங்க.

நான் பண்ண தப்பு ரெண்டையும் சொல்லிடறேன். ஒண்ணு, எந்த மோடும் மாத்தாம ரெண்டையும் சொருகிட்டேன். ரெண்டு பெட்டிக்கும் முகவரி 192.168.1.1. யார் வாசல், யார் கொல்லைன்னு தெரியாம மொத்த வீட்டுக்கும் நெட் போச்சு. புதுசோட முகவரியை மாத்தினேன், நெட் வந்துச்சு. ஆனா தங்கச்சி போன் ஒரு நெட்வொர்க்ல, பிரிண்டர் இன்னொரு நெட்வொர்க்ல. அவ ரெக்கார்டு நோட்டுக்கு பிரிண்ட் எடுக்க முடியலைன்னு ஒரே சண்டை. இதுதான் டபுள் நேட்.

ரெண்டாவது தப்பு, பதட்டத்துல பழைய பெட்டியோட ரீசெட் பட்டனை ஊசியால அமுக்கிட்டேன். லைனுக்கான செட்டிங் எல்லாம் அழிஞ்சு போச்சு. மறுநாள் டெக்னீஷியன் அண்ணா வர்ற வரைக்கும் நெட் இல்லை. "தம்பி, இதை மட்டும் தொடாதீங்க"ன்னு சிரிச்சுகிட்டே சொல்லிட்டுப் போனார். ரீசெட் வேற, ரீஸ்டார்ட் வேற. எழுதி ஒட்டி வைங்க.

எங்க வீட்டுல முதல் மாசம் வழி 1. மாடியில 5 கிகாஹெர்ட்ஸ்ல 90க்கு மேல வந்துச்சு, பிங் 3லயே நின்னது. ஆனா அம்மா போன் போட்டோ பேக்கப் ஆரம்பிச்சா வீடியோ கால் மட்டும் திக்கும். அப்லோடு வரிசை நிரம்பி, கால் பாக்கெட் பின்னாடி மாட்டிக்குது. இதைச் சரி பண்ற க்யூஓஎஸ் வசதி வேலை செய்யணும்னா, ரவுட்டர் வேலையைப் புதுசுதான் பார்க்கணும். அதுக்காக வழி 2க்குப் போனோம். க்யூஓஎஸ்ல வேகத்தை லைன் வேகத்துல 90 சதவீதமா வச்சோம். திக்கறது நின்னுச்சு.

ஒரு எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க. வெளியில இருந்து வீட்டு சர்வரை அணுகலாம்னு பிரிட்ஜ் போடறீங்கன்னா, ரவுட்டருக்குக் கிடைச்ச வேன் ஐபியைப் பாருங்க. அது 100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள வரிசையில இருந்தா, கம்பெனியே வெளியில ஒரு நேட் வச்சிருக்கு. போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது.

கரண்ட் போனா? இப்போ ரெண்டு பெட்டி, ரெண்டு அடாப்டர். மினி யுபிஎஸ் வாங்கினா ரெண்டோட வோல்டேஜும் பொருந்துதான்னு பார்த்து, ஆம்பியரைக் கூட்டி வாங்குங்க.

கடைசியா கணக்கு

அப்பா திரும்ப 50 பிளானுக்கே மாத்திட்டார். மிச்சமாகிற பணத்துல ரவுட்டர் விலை சில மாசத்துல திரும்பிடும். "ஏன் கண்ணு, இதை அன்னைக்கே பார்த்துச் சொல்லியிருக்கலாம்ல"ன்னார். பதில் இல்லை. நாலு வருஷம் அசைன்மென்ட்ல வரைஞ்ச அதே படம்தான், ஹால் மூலையில தொங்கிட்டு இருந்துச்சு.

அடுத்த இன்டர்வியூவுக்கு மாடியிலதான் உட்கார்ந்தேன், லேப்டாப்பை ரவுட்டர்ல லேன் கேபிள் போட்டே சொருகிகிட்டேன். தெரியாத கேள்விக்கு "தெரியலை சார்"னு சொன்னது கூட அவருக்குத் தெளிவா கேட்டுச்சு. ரிசல்ட் இன்னும் வரலை.

பிளேஸ்மென்ட் சீசன்ல இருக்கிற ஜூனியர்ஸ், இன்னைக்கு ராத்திரி வீட்டுல அந்த ரெண்டு பிங் மட்டும் அடிச்சுப் பாருங்க. இன்டர்வியூ அன்னைக்கு காலையில வேண்டாம்.