முன் தாழ்ந்த பிக்கப் வண்டி

கேள்வி: அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 வைத்திருக்கிறேன். முன்புறம் தாழ்ந்து நிற்கிறது. ‘லெவலிங் கிட்’ பொருத்திச் சமமாக்கலாமா?

பதில்: தாங்கள் குறையெனக் கருதும் அந்தச் சாய்வு, பின்தொட்டியில் பாரம் ஏறும்போதும் டிரெய்லரை மாட்டும்போதும் பின்புற ஸ்பிரிங் அமுங்கி வண்டி சமநிலை அடையவேண்டும் என்ற முன்யோசனையுடன் தொழிற்சாலையார் விட்டுவைத்ததேயாகும்; ஆகவே, நித்தமும் பாரம் சுமக்கும் வண்டியாயின் அதைத் தொடாதிருப்பதே உத்தமம். பாரமின்றியே பெரும்பாலும் ஓட்டுவீர்களாயின், ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேசிஸுக்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் என்னும் வட்டு சுலபமான உபாயம். ஸ்ட்ரட்டானது கீழ் கன்ட்ரோல் ஆர்மின் நடுவில் ஊன்றியிருப்பதால், ஏறத்தாழ 1 அங்குல வட்டே சக்கரத்தின் அருகே 2 அங்குல உயரம் தந்துவிடும். இதையறியாமல் 2 அங்குல வட்டை வாங்கி மாட்டுவது அனர்த்தம். ஸ்பிரிங்கையே மேலும் இறுக்கும் வகை வட்டு, பிரயாணத்தைக் கடினமாக்கும். அதை மாட்ட ஸ்ட்ரட்டைப் பிரிக்கவேண்டியிருப்பதால், அமுக்கத்திலுள்ள ஸ்பிரிங் தெறித்து ஆளையே காயப்படுத்தக்கூடும். சற்று அதிகம் செலவிடச் சம்மதமெனில், உயரத்தை மாற்றியமைக்கக்கூடிய பில்ஸ்டைன் 5100 போன்ற ஷாக் அப்சார்பர்கள் சிரேஷ்டமானவை.

எதைப் பொருத்தினாலும், பால் ஜாயிண்டுகளும், நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன் ஆக்ஸில் மூட்டுகளும் கூடுதல் கோணத்தில் இயங்கித் தேய்மானம் அடையும் என்பதை நினைவிற் கொள்க. வேலை முடிந்த உடனே வீல் அலைன்மெண்ட் செய்யாவிடில் டயர்கள் ஒருபக்கமாகத் தேயும். முகவிளக்குகளையும் தாழ்த்தித் திருப்பாவிடில் எதிரே வருவோர் கண் கூசும்.